நாற்காலிக்கு அடியில்

கரமனை வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான் காலைக் காப்பி. அந்தப் பேச்சையும் எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவள் மீனு, வீட்டின் மூத்த மருமகள். டெக்னோபார்க்கில் அவளுக்கு நாள் முழுக்க இதே வேலைதான். யார் எதைச் செய்கிறார்கள், எது எங்கே சிக்கி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் அதையே செய்ய அவளுக்கு ஆசை இல்லை. ஆனால் போன வாரம் புதுக் கிளினிக்கின் ஜன்னல் கம்பி விஷயத்தில் அவள் புருஷன் கிருஷ்ணகுமாரும் அவன் தம்பி சுதீஷும் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டையில், அவர்களுடைய தங்கை ரேஷ்மி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

"எனக்குக் கிளினிக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சமாதானமா இருந்தா போரும்."

அன்று ராத்திரி மாமியார் உலகம்மை மீனுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல அத்தனை பேரை மேய்க்கிய. இந்த ரெண்டையும் ஒண்ணு பாரேன் மக்கா."

ரேஷ்மி பல் டாக்டர். நகரத்தில் ஒரு பெரிய கிளினிக்கில் சில வருஷம் வேலை பார்த்தாள். பொன்முடி மலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பெண்கள் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளிடம் வருவார்கள். அதற்குள் பல்லைக் காப்பாற்ற முடியாத நிலை வந்திருக்கும். மலைக்குப் போகும் சாலையிலேயே, வித்துரா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக் வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இடம் கிடைத்தது. திறப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அன்று எஸ்டேட்டில் லீவு. அங்கே சூப்பர்வைசராக இருக்கும் தங்கையன், தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவர ஒரு ஜீப்பைச் சொல்லி வைத்துவிட்டார்.

மீனு பொறுப்பெடுத்துக்கொள்ள மூன்று நிபந்தனை வைத்தாள். ஒரு வேலைக்கு ஒருவர் பெயர்தான் இருக்க வேண்டும். தினமும் காலையில் எல்லோரும் நின்றபடி, நேற்று எது முடிந்தது, இன்று எது, எங்கே தடை என்று சொல்ல வேண்டும். கடைசியாக, கெட்ட செய்தி சொல்கிறவரை யாரும் ஏசக்கூடாது.

"பின்னே? பாராட்டணுமாக்கும்?" என்றான் கிருஷ்ணகுமார். கணக்குத் தணிக்கை அவன் தொழில். அடுத்தவர் தப்பு அவன் கண்ணுக்கு முதலில் படும்.

"பாராட்டாண்டாம். ஏசாண்டாம். அம்பிட்டுதான்."

அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அது இவ்வளவு சீக்கிரம் தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவனுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் சீட்டுகள் மூன்று வரிசையாக ஒட்டியிருந்தன. செய்யணும், நடக்குது, தீந்துது. உலகம்மை பால் பாத்திரத்துக்கு அடியில் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எனக்கு ஜன்னல் துணி தச்சுத் தீந்துது. நீயே அந்தப் பக்கம் மாத்தி ஒட்டிரு" என்றாள் மீனுவிடம்.

அடுத்தது மாமனார் திரவியம். சாலை பஜார் கடைகளில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பெயர்ப்பலகை அவர் பொறுப்பு. அச்சடித்த ஃப்ளெக்ஸ் வேண்டாம், பெயின்ட்டில்தான் எழுத வேண்டும் என்று பழவங்காடியில் ஆள் பிடித்திருந்தார். மேலே மலையாளம், கீழே தமிழ்.

"போர்டு ஏறக்குறைய முடிஞ்சுது."

"ஏறக்குறைய கிடையாது மாமா. முடிஞ்சுதா, முடியலையா?"

"ஒரு புள்ளிதான் பாக்கி மோளே. பல்லுல புள்ளி வைக்கணும்."

"அது வைக்காத வரைக்கும் அது பல மருத்துவமனை இல்லியா?"

ரேஷ்மி சிரித்தாள். திரவியம் முறைத்துப் பார்த்துவிட்டு, தானும் சிரித்தார். சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னைக்கு மத்தியானம் லாரியில பல் சேர் வருது" என்றாள் ரேஷ்மி. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. பல நாளாகப் படத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நாற்காலி. "நாளைக்கு கம்பெனி ஆள் வந்து மாட்டித் தருவாரு."

"சுதீஷ்?"

தரை, குழாய், மின்சாரம் எல்லாம் சுதீஷின் பொறுப்பு. அவன் சுவரைப் பார்த்தான். "எல்லாம் ஓகே மைனி."

"தடை?"

"ஒண்ணும் இல்ல."

காப்பி வந்தது. எல்லோரும் கலைந்தார்கள். மீனு வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுதீஷ் பின்னாலேயே வந்தான். செருப்பை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"மைனி, ஒரு காரியம். தரைக்கு அடியில பைப் இல்ல."

மீனுவுக்கு முதலில் புரியவில்லை.

"டைல்ஸ் ஒட்டுற ஆளு, திங்கக்கிழமை விட்டா வேற நாள் இல்லன்னு சொன்னாரு. பிளம்பர் ராஜையன் அண்ணன் அன்னைக்கு வரல. பைப்பை அப்புறமா சுவரோரமா கொண்டு போயிரலாம்னு நெனச்சு, ஒட்டச் சொல்லிட்டேன். நேத்து சாயங்காலம் சேர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். அது பத்தாது மைனி. தண்ணி, காத்து, அழுக்குத் தண்ணி போற குழாய், எல்லாம் நாற்காலிக்கு நேர் அடியில தரையிலிருந்து மேல வரணுமாம்."

ரேஷ்மியின் சின்னக் கிளினிக்கில் பளபளவென்று புதுத் தரை. அதற்கு அடியில் வெறும் சிமென்ட். இன்னும் சில மணி நேரத்தில் நாற்காலி வந்து இறங்கப்போகிறது.

மீனுவுக்குக் கோபம் வந்தது. நேத்தே சொல்ல என்ன? இப்போதுகூட எல்லார் முன்னாலும் ஓகே என்றாயே? வார்த்தைகள் வரிசையில் நின்றன. அந்த மூன்றாவது நிபந்தனையைப் போட்டவளே அவள்தான். துணியை இரண்டு முறை உதறினாள்.

உதறும்போது இன்னொன்றும் தோன்றியது. குழாய் ஒரு சீட்டு, தரை ஒரு சீட்டு. யார், எப்போது என்று அவள் கேட்டிருந்தாள். எதற்கு முன்னால் எது என்று கேட்கவே இல்லை. ஆபீஸில் புதிதாக வரும் பையனுக்குக்கூட அதைத்தான் முதலில் சொல்லித் தருவாள்.

"சொன்னியே, நல்லது" என்றாள். "இதை உள்ள வந்து சொல்லு."

"அண்ணன் என்னைக் கொன்னுருவாரு."

"ஏசமாட்டேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. வா."

சுதீஷ் அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ரேஷ்மி கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். கிருஷ்ணகுமாரின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தான். மீனு அவனைப் பார்த்தாள்.

அவன் வாயை மூடினான். விறுவிறுவென்று பின்பக்கம் போனான். குழாயைத் திறந்து கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டான். அது நிரம்பி வழிந்து துணி துவைக்கிற கல்வரைக்கும் ஓடியது. உலகம்மை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்தச் செடி இன்னைக்கு அழுகிப் போகும்" என்று மெல்லச் சொன்னாள்.

கிருஷ்ணகுமார் திரும்பி வந்தபோது பேன்ட் கால் முழுக்க ஈரம்.

"லாரி எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"மத்தியானம்."

"ஆபீசுக்குப் போன் பண்ணி லீவு சொல்லுதேன். எல்லாரும் கார்ல ஏறுங்க."

சுதீஷ் அண்ணனை நம்ப முடியாமல் பார்த்தான்.

பெரியவர்கள் இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு மற்ற நாலு பேரும் கிளம்பினார்கள். நெடுமங்காடு தாண்டும்வரை காரில் மீனு காதில் வயரை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். அது முடிந்ததும் பின்சீட்டில் ரேஷ்மி பக்கம் திரும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை நடக்காதா மைனி?" ரேஷ்மி அதற்காகவே காத்திருந்தவள் போலக் கேட்டாள். "தங்கையன் சார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அந்த லைன்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு தடவை வரச்சொல்லி மாத்திட்டா, மறுதடவை வரமாட்டாங்க."

"அப்ப நாளை மாத்தாண்டாம். வேலையைக் குறைப்போம். ஞாயிற்றுக்கிழமை நீ ஒருத்தருக்குப் பல் பாக்க, கண்டிப்பா என்ன வேணும்?"

"சேர். தண்ணி. கரண்டு. கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற மெஷின்."

"ஏ.சி.?"

"ஃபேன் போரும்."

"முன் ரூம் பெயின்ட்?"

"வேண்டாம்."

"சோபா?"

"பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"போர்டு?"



"அதை அப்பாகிட்ட யார் சொல்லுது?" என்றான் கிருஷ்ணகுமார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பைப் விஷயம் தெரிந்த பிறகு அப்போதுதான் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

வித்துராவில் அன்று சந்தை நாள் இல்லை. கிளினிக்கின் ஷட்டரைத் தூக்கியதும் புதுச் சிமென்ட் வாசனை வந்தது. வெளுப்பு நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் தரை மின்னியது. சுதீஷ் குனிந்து அதைத் தடவிப் பார்த்தான்.

"ஒரு மேடை கட்டினா என்ன?" என்றான். "நாலு இன்ச் உயரம். பைப்பெல்லாம் அதுக்குள்ள போயிரும். தரையை உடைக்க வேண்டாம்."

கிருஷ்ணகுமாருக்கு அது பிடித்தது. மீனு ரேஷ்மியைப் பார்த்தாள். ரேஷ்மி தலையை ஆட்டினாள்.

"நாள் முழுக்கச் சரிவுல ஏறி இறங்கி இலை பறிக்கிறவங்க. பாதிப் பேருக்கு முட்டு போச்சு. வாய் வலிச்சு வர்றவங்களை எதுக்கு ஒரு படி ஏறச் சொல்லணும்?"

"சரி, அப்ப உடைக்கணும்" என்றாள் மீனு.

அவள் சீட்டுக்கட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சுவரில் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டினாள். உடைப்பு. குழாய். தண்ணீர் விட்டுப் பார்ப்பது. சிமென்ட். தரை. நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேனாவால் ஓர் அம்பு போட்டாள்.

"சிமென்ட் காய்றதை நம்மால அவசரப்படுத்த முடியாது. அது நாளைக்குப் பகல் முழுக்க எடுக்கும். அதனால அதுக்கு முந்தி இருக்கிற நாலும் இன்னைக்கே தீரணும். அதுல எதையும் சும்மா தாண்டப்படாது. தண்ணி விட்டு, ஒழுகலன்னு பாத்த பிறகுதான் மூடணும். மத்ததெல்லாம் ஞாயிறு கழிஞ்சு."

"ஆளு?" என்றான் கிருஷ்ணகுமார்.

சுதீஷ் ஏற்கெனவே ராஜையனைக் கூப்பிட்டிருந்தான். பாலோடு ஊர்ப் பக்கம் ஒரு வேலையில் இருக்கிறார், சாப்பாட்டு நேரம் கழிந்துதான் வருவார். அதற்குள் உடைத்து வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் குழாய் போட்டுவிடலாம் என்றார். டைல்ஸ் வெட்டுகிற மெஷினைச் சந்தைக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். வாசல் பக்கச் சுவரிலிருந்து அறை நடுவரைக்கும் ரேஷ்மி பென்சிலால் கோடு போட்டாள். சுதீஷ் மெஷினைத் தரையில் வைத்து அழுத்தினான். வெள்ளைத் தூசி கிளம்பியது. கோட்டில் பாதி வந்திருக்கும், மெஷின் சத்தம் இறங்கி நின்றுவிட்டது. மேலே ஃபேனும் நின்றது.

"கரண்டு போச்சு" என்றான் சுதீஷ். அவன் குரலில் அழுகை இருந்தது.

கிருஷ்ணகுமார் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினான். மூலையில் கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னொரு உளி இருக்காலே?"

இருந்தது. சுதீஷ் எதிரே உட்கார்ந்தான்.

அப்போதுதான் வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது. மீனுவும் ரேஷ்மியும் ஓடினார்கள். பெரிய மரப்பெட்டி. இந்தத் தூசியில் உள்ளே வைக்க முடியாது. டிரைவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும், காத்திருக்க மாட்டார். மீனு பக்கத்துச் சிப்ஸ் கடைக்குள் போனாள். கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியில் நேந்திரங்காயைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சேட்டா, ரெண்டு நாளைக்கு ஒரு பெட்டியை இங்க வச்சுக்கிடட்டா? பல் ஆஸ்பத்திரி நாற்காலி."

"இங்கே எண்ணெய் தெறிக்கும்."

"தார்ப்பாய் போட்டு மூடிருவோம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், மீனுவைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். "எனக்குக் கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது. ஞாயிற்றுக்கிழமை பாக்குமோ?"

"முதல் ஆளா வாங்க" என்றாள் ரேஷ்மி.

பெட்டி காய்க்குலைகளுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

உள்ளே அண்ணனும் தம்பியும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு பெயர்ந்து வந்ததும் கிருஷ்ணகுமார் நிறுத்தினான். முன்கை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"நேத்து என்கிட்ட சொல்ல என்னடே?"

சுதீஷ் உளியைத் துடைத்தான். "சொன்னா ஏசுவீங்க."

"ஏசுவேன்தான்."

சுதீஷ் தலை குனிந்தான்.

"ஜன்னல் கம்பி வளைஞ்சு வந்தப்பவும் உனக்கு முன்கூட்டியே தெரியும், இல்லியா?"

"தெரியும். நீங்க பாக்காம இருந்தா மாத்திரலாம்னு நெனச்சேன்."

கிருஷ்ணகுமார் அடுத்த துண்டில் உளியை வைத்தான். அடிக்கவில்லை.

"அப்பாகிட்ட நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றான். "பாரு, என் சுபாவம் நாளைக்கே மாறாது. இனிமேலும் ஏசுவேன். ஆனா முழுசாக் கேட்டுட்டு ஏசுதேன். நீ சொல்றதை மட்டும் நிறுத்தாத."

"சரி அண்ணே."

"அந்த ஓரத்தைப் பைய அடி. பக்கத்து டைலு தெறிக்கப்போகுது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மீனு, உள்ளே வராமல் டீ வாங்கப் போனாள்.

ராஜையன் பைக்கில் வந்து இறங்கியபோது குழாய்க்கு வெட்டிய வாய்க்கால் தயாராக இருந்தது. சட்டையில்லாமல் தூசியில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணகுமாரைப் பார்த்து, "புது ஆளா? எங்க பிடிச்சே?" என்று சுதீஷிடம் கேட்டார். சுதீஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எங்க அண்ணன். ஆடிட்டர்."

"அய்யோ சாரே, மன்னிக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம். சாய்வு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

குழாய் இறங்கியது. இரண்டு இடத்தில் மாற்றிப் போட வேண்டியிருந்தது. கரண்டு வந்தது, போனது, வந்தது. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டார்கள். ரேஷ்மி தரையோடு தரையாகப் படுத்து, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இடத்தில் ஈரம். ராஜையன் அதைக் கழற்றித் திரும்ப ஒட்டினார். மறுபடி தண்ணீர். இந்த முறை விரல் காய்ந்தே வந்தது.

"இனி மூடலாம்" என்றாள் மீனு.

அதற்குள் சுதீஷ் சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்தான். அதே நிற டைல்ஸ் தீர்ந்துவிட்டது, இனி வராது. பக்கத்து நிறமாக ஒன்றைப் போட்டோ எடுத்து வந்திருந்தான். பழுப்பா, வெளுப்பா என்று தெரியாத ஒரு நிறம்.

கிருஷ்ணகுமார் போட்டோவைப் பார்த்தான். வீட்டில் ஒரு சுவிட்ச் பலகை கொஞ்சம் சரிந்திருந்தால் தூங்காதவன் அவன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இது வேண்டாம். ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்" என்றான். "வேற என்ன நிறம் வச்சிருக்கான்?"

"பச்சை இருக்கு. தேயிலைப் பச்சை."

"அப்ப பச்சையே போடு. வாசல்லேருந்து சேர் வரைக்கும் ஒரே நேரா ஒரு கோடு. வர்றவங்க அதைப் பாத்து நடந்து வந்து உட்காரட்டும்."

ரேஷ்மி அண்ணனையே பார்த்தாள். பிறகு அந்த வெறும் வாய்க்காலைப் பார்த்தாள். "இப்படிப் பச்சைக் கோடு போடலாமான்னு நான் முன்னாடியே கேட்டிருந்தா நீங்க விட்டிருக்கமாட்டீங்க" என்றாள்.

"விட்டிருக்கமாட்டேன்" என்றான் அவன்.

சாயங்காலம் சிமென்ட் பூசி முடிந்தது. பச்சை டைல்ஸ் நாளைக்கு சாயங்காலம். நாற்காலி மாட்டுகிறவருக்கு மீனு போன் செய்து ஒரு நாள் தள்ளி வரச் சொன்னாள். அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. திரவியத்திடம் போனில் போர்டைப் பற்றிச் சொல்லும் வேலை கடைசியில் மீனுவுக்கே வந்தது.

"ஞாயிற்றுக்கிழமைக்கு போர்டு கட்டாயம் இல்ல மாமா. மெதுவா வந்தா போரும்."

"என்ன மோளே சொல்லுதே? புள்ளி வச்சாச்சு. ஆட்டோவுல ஏத்தியாச்சு. வழியில நிக்கேன்."

மீனு சிரித்துவிட்டாள். "அப்ப தீந்துதுன்னே எழுதிக்கிடுதேன்."

சிப்ஸ் கடைக்காரர் சூடாக ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். வாசல் படியில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. சுதீஷ் தன் பங்குச் சிப்ஸை அண்ணன் பக்கம் நகர்த்தினான். கிருஷ்ணகுமார் எடுத்துக்கொண்டான்.

"டாக்டர் உண்டா?"

எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையால் இடது கன்னத்தை மூடியிருந்தாள். கையில் சந்தைப் பை.

"ஞாயித்துக்கிழமைதான் திறக்கும்னு தங்கையன் அண்ணன் சொன்னாரு. தெரியும். ஷட்டர் திறந்து கிடந்துது, அதான்."

ரேஷ்மி டீயை வைத்துவிட்டு எழுந்தாள். சிப்ஸ் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வெளிச்சமான இடத்தில் போட்டாள். "உட்காருங்க. பேரு?"

"ஓமனா. பொன்முடியில மேல் லைன்."

முந்தானையை விலக்கினாள். கன்னம் வீங்கித் தாடைக்குக் கீழே வரை இறங்கியிருந்தது. ரேஷ்மி கையைக் கழுவி, உறையை மாட்டி, வீக்கத்தை மெதுவாக அழுத்தினாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"வாயைத் திறங்க."

ஓமனாவால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

"எச்சில் முழுங்க முடியுதா?"

"கஷ்டமா இருக்கு. காலையிலேருந்து."

ரேஷ்மி உறையைக் கழற்றினாள். மீனு அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டின் கடைக்குட்டியாக இல்லை, டாக்டராக இருந்தது அந்த முகம்.

"சீழ் கழுத்துப் பக்கம் இறங்குது மைனி. இங்க வச்சுப் பாக்கக்கூடாது. இப்பவே மெடிக்கல் காலேஜ் போகணும். நான் கூடப் போறேன்."

"இப்பவா?" ஓமனா எழுந்துவிட்டாள். "முடியாது டாக்டரே. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். புள்ளைங்க ரெண்டும் தனியா இருக்கு. அவங்க அப்பா நாகர்கோவில்ல வேலையில இருக்காரு."

"பஸ் போயிருச்சே" என்றார் ராஜையன். அவர் அந்தச் சாலைக்காரர்.

ஓமனா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ரேஷ்மி தங்கையனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கிருஷ்ணகுமார் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பாக்கெட்டிலிருந்து கார்ச் சாவியை எடுத்து சுதீஷிடம் நீட்டினான். வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரை அவன் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

"நீ இவங்களையும் ரேஷ்மியையும் கூட்டிட்டுப் போ. நீ நல்லா ஓட்டுவ."

"நீங்க?"

"ராஜையன் அண்ணே, மேல வரைக்கும் என்னைக் கொண்டு விடுவீங்களா? புள்ளைங்ககூட யாராவது இருக்கணும்லா."

ராஜையன் பைக்கைத் திருப்பி நிறுத்தினார். கிருஷ்ணகுமார் ஓமனாவிடம் குனிந்தான். "வீடு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"தண்ணித் தொட்டிக்கு அடுத்தது. வாசல்ல நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும்." அவள் அவன் முகத்தைத் தேடினாள். "மூத்தவ பேரு ஆர்ஷா, அவளுக்குக் கீழ ஒரு தம்பி. நாய் குரைக்கும், கடிக்காது."

கார் நெடுமங்காடு பக்கம் திரும்பியது. பைக் மலைப் பக்கம் ஏறியது. ராஜையன் கொடுத்த மழைக்கோட்டு கிருஷ்ணகுமாருக்கு முழங்கை வரைதான் இருந்தது. முதல் வளைவிலேயே மேகம் அவர்களை மறைத்துவிட்டது.

ஈரச் சிமென்ட்டுக்குக் காவலாக மீனு மட்டும் மிஞ்சினாள். வாசலில் உட்கார்ந்து தங்கையன் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். தங்கையன் இல்லை. ஒரு சிறுமியின் குரல்.

"யாரு?"

"தங்கையன் சார் இல்லியா?"

"போனை எங்க வீட்டுல வச்சிட்டுப் போயிட்டாரு. அம்மா இன்னும் வரலன்னு டார்ச்சு எடுத்துட்டு, ரோட்டுல தேடிட்டு இறங்கிப் போயிருக்காரு. ரொம்ப நேரமாச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாவைப் பாத்தீங்களா?"

மீனு எழுந்து நின்றாள். "பாத்தேன் ஆர்ஷா. அம்மா என்கிட்டதான் வந்தா. பல்லு வீங்கியிருக்கு, டாக்டர்கூட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. பயப்படாத, வெப்ராளப்படாத. கேட்டியா? தம்பியைக் கூட வச்சுக்கோ. ஒரு மாமா உங்க வீட்டுக்கு வந்துட்டிருக்காரு."

 போனில், அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது. மீனு மலையைப் பார்த்தாள். மேலே ஏறும் பைக்கும், டார்ச்சோடு கீழே இறங்கும் தங்கையனும் அந்த மேகத்துக்குள் எங்கோ இருந்தார்கள்.

"அக்கா" என்றாள் ஆர்ஷா. அழுகை நின்றிருந்தது. "வர்ற மாமா சாப்பிட்டிருப்பாரா? கஞ்சி இருக்கு. தேங்காய்ச் சம்மந்தி மட்டும் அரைக்கணும்."